இடுப்புத் தமனி வீக்கத்துக்கு எந்த ஸ்டென்ட் கிராஃப்ட்?

கேள்வி: அப்பாவுக்கு இலியாக் தமனியில் 3.8 செ.மீ. வீக்கம். கிளையுள்ள ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய வலைக் குழாய்) வைக்கலாம் என்கிறார் டாக்டர். கோர், குக் என்ற இரு நிறுவனங்களின் தயாரிப்புகளில் எது நல்லது?

பதில்: இரண்டின் நோக்கமும் ஒன்றே: உள் இலியாக் தமனியை (புட்டத்துக்கும் இடுப்பு உறுப்புகளுக்கும் ரத்தம் தரும் கிளை) மூடாமல் வீக்கத்தை அடைப்பது. அதை மூடிவிட்டால் பலருக்கு நடக்கும்போது புட்டத்தில் வலி வரும். ஆண்மைக் குறைவும் வரலாம்.

குக்கின் துணி பாலியஸ்டர். கிளைக்குள் செருகும் உறையிட்ட ஸ்டென்ட்டைத் தனியாகத் தேர்வு செய்யவேண்டும். பெரும்பாலும் பலூனால் விரியும் வகை. அளவில் சுதந்திரம் உண்டு, ஆனால் இணைப்பின் உறுதி அந்தத் தேர்வைப் பொறுத்தது. கோரின் துணி இ.பி.டி.எஃப்.இ. (டெஃப்ளான் வகை); கிளைக்குரிய பகுதியும் அதே தொகுப்பில் வருகிறது, தானே விரியும். நெளிந்த தமனியில் நன்றாக வளைந்துகொடுக்கும். ஆனால் உள் இலியாக்கின் விட்டம் 6.5 முதல் 13.5 மி.மீ.க்குள் இருக்கவேண்டும், பொது இலியாக் (கிளைகள் பிரியுமுன் உள்ள பகுதி) குறைந்தது 17 மி.மீ. அகலம் வேண்டும்.

பெயரைவிட அளவுதான் முக்கியம். மெல்லிய வெட்டுகளில் எடுத்த சி.டி. ஆஞ்சியோகிராமில் உள் இலியாக்கின் வாய் சுருங்கியிருக்கிறதா, பிடிமானத்துக்கு 10 மி.மீ.யாவது நல்ல சுவர் இருக்கிறதா என்று கேளுங்கள். வீக்கம் உள் இலியாக்குக்கும் பரவியிருந்தால் கணக்கே மாறும்.

வைத்தபின் வரும் தொல்லை: வெளி இலியாக் (காலுக்குப் போகும் கிளை) பக்கக் குழாய் மடங்கி அடைபடுவது, கிளை இணைப்பில் கசிவு. திடீரெனக் கால் சில்லிட்டு வலித்தால் உடனே மருத்துவமனை. முதல் ஸ்கேன் வழக்கமாக ஒரு மாதத்தில், பிறகு ஆண்டுதோறும்.

டாக்டர் எதை அதிகம் வைத்துப் பழகியவர் என்பதையும் கேட்கத் தயங்காதீர்கள்.