பட்டினி, பித்த அமிலம், ஹெபடைடிஸ் பி

கேள்வி: கல்லீரல் செல்களில் ஒரு மரபணுவை அளவுக்கு மீறி இயங்கச் செய்தால் வளர்சிதை மாற்றமும் ஹெபடைடிஸ் பி வைரஸின் பெருக்கமும் ஒருசேர மாறுவதாகப் படித்தேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு? இந்தத் தொற்று உள்ள எனக்கு இதனால் சிகிச்சை ஏதும் கிடைக்குமா?

பதில்: தொடர்பு மிக நெருக்கமானது. இந்த வைரஸின் டி.என்.ஏ. சுமார் 3,200 எழுத்துகளே கொண்டது. தன் மரபணுக்களை இயக்குவதற்கு அது கல்லீரல் செல்லின் புரதங்களையே நம்பியிருக்கிறது. அவற்றில் பலவும் சர்க்கரை, கொழுப்பு, பித்த அமிலம் ஆகியவற்றின் கணக்கைக் கவனிக்கும் புரதங்கள்.

பி.ஜி.சி-1 ஆல்ஃபா என்ற புரதத்தைப் பாருங்கள். உணவின்றி இருக்கும்போது கல்லீரலில் அதன் அளவு உயர்ந்து, புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. ஆய்வகத்தில் அதைச் செல்களில் மிகையாக உருவாகச் செய்தபோது, வைரஸின் மரபணுக்களும் கூடவே முடுக்கம் பெற்றன. பட்டினி போடப்பட்ட எலிகளின் கல்லீரலிலும் வைரஸ் மரபணுக்களின் இயக்கம் கூடியது, மறுபடி உணவு தந்ததும் தணிந்தது என 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதை வைத்து மனிதர்கள் உண்ணாமல் இருந்தால் நோய் முற்றும் என்று முடிவுகட்டக் கூடாது.

என்.டி.சி.பி. என்ற புரதம் இன்னும் தெளிவான சான்று. இரத்தத்திலுள்ள பித்த அமிலத்தைக் கல்லீரல் செல்லுக்குள் இழுத்துக்கொள்வதே அதன் வேலை. வைரஸ் உள்ளே நுழையும் வாயிலும் அதுவே என்பது 2012-இல் தெரியவந்தது. ஹெப்-ஜி2 என்னும் கல்லீரல் புற்றுச் செல்களில் இப்புரதம் அநேகமாக இல்லாததால் வைரஸ் அவற்றைத் தொற்றுவதில்லை. இப்புரதத்தின் மரபணுவைச் செலுத்தியதும் வைரஸ் தொற்றியது. ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகத் தவித்துத் தேடிய விடை அது. வைரஸ் அப்புரதத்தைப் பற்றும்போது பித்த அமிலத்தின் போக்குவரத்தும் தடைபடுகிறது. இதே வாயிலை அடைக்கும் புலெவிர்டைட் மருந்து, ஹெபடைடிஸ் பி-யுடன் சேர்ந்து வரும் ஹெபடைடிஸ் டி தொற்றுக்காக 2020-இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. அதை எடுப்பவர்களின் இரத்தத்தில் பித்த அமிலம் உயர்வதும் இதனால்தான்.

ஆனால் மிகையாக இயங்கும் மரபணு இயற்கையில் காணாத அளவுக்குப் புரதத்தைக் குவிக்கும். புற்றுச் செல்களின் வளர்சிதை மாற்றமும் இயல்பானதன்று. எனவே மரபணுவை அடக்கியும், மனிதக் கல்லீரலிலிருந்து எடுத்த செல்களில் சோதித்தும் முடிவு ஒத்துவந்தால்தான் நான் அதை நம்புவேன். பி.ஜி.சி-1 ஆல்ஃபாவை மருந்தால் ஒடுக்கினால் குளுக்கோஸ் சமநிலையும் குலையக்கூடும் என்பதையும் எண்ண வேண்டும்.

தற்போது கொடுக்கப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மாத்திரைகள் வைரஸ் நகலெடுப்பதைத் தடுக்கின்றன. செல்லின் உட்கருவில் தங்கிவிட்ட வைரஸ் டி.என்.ஏ.-வை அவை நீக்குவதில்லை. ஆகவே அவற்றை நீங்கள் எடுத்துவந்தால், மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பக்கூடும்.