பூசாத சுவரில் விரிசல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எழுபது வருஷக் கான்கிரீட் கட்டடம். பூகம்பத்தில் அடிபட்டபின் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதானே சிக்கனம்?

பல சமயம் சிக்கனம்தான். ஆனாலும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள டோர்செட் தெரு அடுக்ககத்தைப் பாருங்கள். மொத்தமே எட்டு வீடுகள். கட்டடக் கலைஞர் மைல்ஸ் வாரன் முப்பது வயதுக்கு முன்பே வடிவமைத்தார், 1956-57இல் கட்டினார்கள். அவரும் அங்கே குடியிருந்தார். பூச்சே இல்லாத கான்கிரீட் பிளாக் சுவர், அதன்மேல் மறைக்காத உத்திரம். ஊரார் அன்று அதைக் கோட்டை என்று கிண்டல் செய்தார்கள். அந்நகரத்தின் நவீனக் கட்டடக்கலை வேர்விட்ட இடங்களில் ஒன்று அது. 2011 பிப்ரவரி 22 பூகம்பம் 185 உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் நகர மையத்தில் நூற்றுக்கணக்கான கட்டடங்களை இடித்தார்கள். அவ்வளவு இழந்த ஊரில் எஞ்சிய ஒன்றைக் காப்பாற்றியது சரிதான் என்பேன்.

விரிசலில் எபாக்சி என்ற ஒட்டுப் பிசினைச் செலுத்தினால் போதும் என்கிறார் காண்ட்ராக்டர். நம்பலாமா?

எந்த விரிசல் என்பதைப் பொறுத்தது. கான்கிரீட் உத்திரத்தில் மெல்லிய விரிசல் என்றால் எபாக்சி நன்றாகவே ஒட்டும். ஆனால் உள்ளே இருக்கும் கம்பி இழுபட்டு நீண்டிருந்தால் எபாக்சியால் அதைப் பழையபடி ஆக்க முடியாது. அடுத்த அதிர்வைத் தாங்க அதில் மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிளாக் சுவரில் இன்னொரு சிக்கல்: பிளாக்கின் துளைகளில் கம்பி இருக்கிறதா, கலவை நிரப்பியிருக்கிறார்களா என்பது வெளியே தெரியாது. ஸ்கேன் செய்து, ஓரிரு இடங்களில் திறந்து பார்க்காமல் யாரையும் எபாக்சி ஊசியைத் தொட விடாதீர்கள்.

பலப்படுத்தினால் பழைய தோற்றம் போய்விடாதா?

இதுதான் கஷ்டமான இடம். செங்கல் வீட்டில் கம்பி வலை அடித்து, மேலே பூசி மறைத்துவிடலாம். இங்கே சுவரே முகம். பூசினால் கட்டடமே போச்சு. அதனால் வேலையைக் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ள வேண்டும்: காலியான துளைகளில் மேலிருந்து கம்பி இறக்கிக் கலவை நிரப்புவது, கூரைக்கும் தரைக்கும் அடியில் சுவர்களைச் சேர்த்துக் கட்டுவது. ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியாமலிருக்கப் பழைய மணல், ஜல்லியின் நிறத்தைப் பார்த்து நாலைந்து மாதிரி போட்டு, காய்ந்த பிறகு வெயிலில் வைத்து ஒப்பிடுங்கள். ஈரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கட்டடம் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. நிமிர்த்தலாமா?

பெரும்பாலும் முடியும். கிறைஸ்ட்சர்ச்சில் பல இடங்களில் மண்ணே குழம்பாகி அஸ்திவாரம் அமிழ்ந்தது. முதலில் மண் பரிசோதனை, அப்புறம் அஸ்திவாரம், கடைசியில்தான் சுவர்.

வேலை தொடங்கும் முன் நாங்களே செய்யக்கூடியது?

ஒவ்வொரு விரிசலையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஜன்னல் சட்டம், அலமாரி, கைப்பிடி எல்லாவற்றுக்கும் எண் எழுதிய சீட்டைக் கட்டிய பிறகே கழற்றச் சொல்லுங்கள். பழைய பெயின்டைச் சுரண்டினால் அடியில் முதல் நிறம் கிடைக்கும். அந்தத் துண்டையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.