தக்காளி ரகங்கள்: கேள்வி பதில்

கேள்வி: நாலு ரக விதை இருக்கிறது. எது நன்றாகக் காய்க்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க எப்படி நடுவது அண்ணா?

பதில்: ஒரே நாளில் விதையுங்கள். மண்கலவையும் தொட்டி அளவும் ஒன்றாக இருக்கட்டும். ரகத்துக்குக் குறைந்தது மூன்று செடி வேண்டும். ஒன்றே ஒன்று வைத்து அது நோயில் விழுந்தால் ரகத்தின் மேல் பழி போட்டுவிடுவோம். ரகவாரியாக வரிசை கட்டாமல் கலந்து வையுங்கள். இல்லாவிட்டால் வெயில் அதிகம் படும் ஓரத்து ரகம்தான் ஜெயிக்கும். பறிக்கும்போதெல்லாம் எண்ணிக்கையோடு எடையையும் குறியுங்கள். செர்ரிப் பழம் ஒன்று 10-20 கிராம்தான். பிராண்டிவைன் பழம் ஒன்றே 400 கிராம் தாண்டும், ஆனால் நாற்று நட்டு 80 நாளாவது காத்திருக்க வேண்டும்.

கேள்வி: ரோமாவில் பக்கத் துளிரெல்லாம் கிள்ளினேன். காய்ப்பே குறைந்துவிட்டது, ஏன்?

பதில்: கிள்ளியதால்தான். ரோமா குத்துச்செடி ரகம். அதில் ஒவ்வொரு கிளையும் பூங்கொத்தோடு முடியும். கிளையைக் கிள்ளினால் காயும் போச்சு. மண்ணைத் தொடும் இலைகளை மட்டும் எடுங்கள். சன் கோல்ட், பிராண்டிவைன், சான் மார்சானோ போன்ற கொடி ரகங்களுக்குத்தான் 6 அடிக் குச்சியும் கவாத்தும். துளிர் விரல் நீளம் வரும் முன்பே கிள்ளிவிடுங்கள். பெயர்ச்சீட்டு தொலைந்துவிட்டால் தண்டைப் பாருங்கள்: ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று இலை என்றே தொடர்ந்தால் கொடி. ஒன்றிரண்டு இலைதான், நுனியிலும் பூங்கொத்து என்றால் குத்துச்செடி.

கேள்வி: சான் மார்சானோ காய்களின் அடி கறுத்து அமுங்குகிறது. பக்கத்துத் தொட்டி செர்ரிக்கு ஒன்றுமே இல்லை. மருந்து அடிக்கவா?

பதில்: வேண்டாம். இது நோயில்லை, நுனி அழுகல். காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. நீண்ட காய் ரகங்களுக்கு இது அதிகம், செர்ரிக்கு அபூர்வம். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான் கோளாறு. முட்டை ஓடு மட்க மாதக்கணக்காகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. இலையில் தெளிக்கும் கால்சியமும் காய்க்கு இறங்காது. 20 லிட்டர் தொட்டி, 5 செ.மீ. மூடாக்கு (மண்மேல் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல்), சீரான தண்ணீர். தழைச்சத்தைக் குறையுங்கள். கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், அது தேறாது.

கேள்வி: உரம் போட்டும் பூவெல்லாம் உதிர்கிறதே, ஏன்?

பதில்: உரம் காரணமில்லை, சூடு. பகலில் 35 டிகிரி தாண்டினாலோ இரவு வெக்கை தணியாவிட்டாலோ மகரந்தம் கெட்டுவிடும். மதியத்துக்கு நிழல்வலை கட்டுங்கள்.

கேள்வி: சன் கோல்ட், பிராண்டிவைன் இரண்டிலும் விதை எடுக்கலாமா?

பதில்: சன் கோல்ட் ஹைப்ரிட் (இரண்டு ரகம் கலந்து உண்டாக்கியது), விதை முளைக்கும், ஆனால் பழம் தாய்ச்செடி மாதிரி வராது. பிராண்டிவைனில் எடுக்கலாம். கூழோடு 2-3 நாள் புளிக்கவிட்டு, அடியில் தங்கும் விதையைக் கழுவித் தட்டில் காயவையுங்கள். காகிதம் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். உருளைக்கிழங்கு இலை (ஓரத்தில் ரம்பப் பல் இல்லாத அகல இலை) பிராண்டிவைன் என்றால் இன்னொரு வசதி: நாற்றில் சாதாரண ரம்ப இலை வந்தால் அது வேறு ரகத்தோடு கலந்தது. அங்கேயே பிடுங்கிவிடலாம்.