ஆஸ்பென் மஞ்சள் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் கொலராடோவின் ராக்கி மலை தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். ஆஸ்பென் மர இலைகளின் மஞ்சள் படத்தில் வெளுக்காமல் எப்படி எடுப்பது?

பதில்: சரியான நேரத்தில்தான் போகிறீர்கள். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுக்காமல், சூரியன் இலைகளுக்குப் பின்னால் வருகிற மாதிரி நில்லுங்கள்; இலை மெல்லியது, ஒளி ஊடுருவி மஞ்சள் தகதகவென்று எரியும். பக்கவாட்டு வெளிச்சம்தான் கிடைக்கிறது என்றால் போலரைசர் ஃபில்டரை (லென்ஸுக்கு முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், இலைமேல் படிந்திருக்கும் வெள்ளைப் பளபளப்பு விலகி உள்ளேயிருக்கும் நிறம் துலங்கும். வொயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் கேமரா அமைப்பை, ஆட்டோவில் விடாதீர்கள், மஞ்சளைக் குறைத்துவிடும். அப்புறம், ஆஸ்பெனின் காம்பு தட்டையானது, லேசான காற்றுக்கே இலை படபடக்கும், அதனால் ஷட்டரை 1/500 நொடிக்கு வையுங்கள். எல்க் மான்களுக்கு அது இணைசேரும் பருவம், கிட்டே போகவே வேண்டாம்.