அட்மின் கடவுச்சொல் கடைக்காரரிடம் இருக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: உப்புவெளியில் சிறிய ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் வராது என்றதும், ஆறு பழைய கணினிகளுக்கும் டவுனில் ஒரு கடையில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தந்தார்கள். என்னுடைய கணக்கிலோ இரண்டு ஆசிரியர்களின் கணக்குகளிலோ புதிதாக எதையும் நிறுவ முடியவில்லை. பிரின்டர் நின்றாலும் கடைக்குத்தான் போன் எடுக்க வேண்டும். ஆள் வரும் ஒவ்வொரு தடவையும் காசு. கடவுச்சொல்லைக் கேட்டால், தந்தால் சிஸ்டம் பழுதாகும் என்கிறார்கள். எதையும் நிறுவவும் மாற்றவும் விடும் அட்மின் உரிமைக்குத் தனியாக லைசன்ஸ் கட்டணமும் கேட்கிறார்கள். ஆசிரியர்களுக்கு நானே அந்த உரிமையைக் கொடுக்கலாமா? ஆபத்து ஏதும் வருமா?

பதில்: முதலில் அந்த லைசன்ஸ் கட்டணத்தைக் கொடுக்காதீர்கள். உபுண்டுவில் அட்மின் உரிமைக்கு லைசன்ஸ் என்று ஒன்றே இல்லை. 2004இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து அது இலவசம். கடைக்காரர் தன் உழைப்புக்குக் கூலி வாங்கட்டும், அது நியாயம். இல்லாத உரிமத்தை விற்பது ஏமாற்று. மூதூர், கிண்ணியா பக்கமிருந்தும் இதே முறைப்பாடு எனக்கு வருகிறது. காசு கொடுத்து வாங்கிய கணினிக்கு உரிமையாளர் நீங்கள். அதன் அட்மின் கடவுச்சொல் உங்கள் கையில் இருப்பதுதான் முறை.

நடந்தது இதுதான். உபுண்டுவை நிறுவும்போது உருவாக்கும் முதல் கணக்குக்கு அட்மின் உரிமை தானாகவே வந்துவிடும். கடைக்காரர் அந்த முதல் கணக்கைத் தன் பெயரில் போட்டுவிட்டு, உங்களுக்குச் சாதாரணக் கணக்குகளைத் தந்திருக்கிறார். உங்கள் கணக்கில் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) வழியாக ஏதாவது நிறுவப் போனால், இந்தச் சம்பவம் முறையிடப்படும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரலாம். அதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு கணினிக்குள்ளேயேதான் இருக்கும், வெளியில் யாருக்கும் போகாது. சாதாரண மனிதர் படிக்கும் ஒரு செய்தியை இப்படி மிரட்டுகிற மாதிரி ஏன் எழுதினார்களோ, எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

கடைக்காரர் கடவுச்சொல்லைத் தந்துவிட்டால் வேலை சுலபம். செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம், அதற்குள் யூசர்ஸ் என்று போங்கள். (பழைய பதிப்புகளில் யூசர்ஸ் நேரடியாகவே இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இடத்தை மாற்றி மக்களை அலைக்கழிக்கிறார்கள்.) மேலே அன்லொக் என்று இருக்கும். அதை அழுத்தி அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். பிறகு கணக்கைத் தெரிவு செய்து, அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொத்தானைப் போட்டுவிடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் உரிமை முழுதாகச் செயற்படும். இதைச் செய்யாமல், வேலை செய்யவில்லை என்று மறுபடி கடைக்குப் போகிறவர்கள் அதிகம்.

தர மறுத்தால்? கணினி உங்கள் மேசையில் இருக்கிறது, அது போதும். கணினியைப் போடும்போது எஸ்கேப் விசையைத் தட்டுங்கள். பழைய கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். வரும் பட்டியலில் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், அதற்குள் ரிக்கவரி மோட். அடுத்து வரும் பட்டியலில் முதலில் நெட்வொர்க், அப்புறம் ரூட் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஏ-டி-டி-யூ-எஸ்-இ-ஆர், இடைவெளி, உங்கள் கணக்கின் பயனர்பெயர், இடைவெளி, எஸ்-யூ-டி-ஓ என்று தட்டி என்டர் கொடுங்கள். கணினியை மீண்டும் தொடங்குங்கள். அவ்வளவுதான், நீங்கள் அட்மின். கடைசியில் தட்டிய அந்த நான்கு எழுத்து, அட்மின் உரிமை உள்ளவர்களின் குழுவுக்கு உபுண்டு வைத்திருக்கும் பெயர். ஒரு கணினியில் கொடுத்த உரிமை மற்றதில் வராது. ஆறிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இந்த வழி உங்கள் மாணவருக்கும் திறந்தே இருக்கிறது. வகுப்பறையில் கணினிகளுடன் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.

அடுத்தது, யாருக்குக் கொடுப்பது? நீங்கள் வைத்திருங்கள், பொறுப்பான ஓர் ஆசிரியருக்கும் கொடுங்கள். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அட்மின் உரிமை உள்ளவர் மற்றவரின் கோப்புகளைத் திறக்கலாம், கணக்குகளை அழிக்கலாம், கணினியைத் தொடங்கவே முடியாதபடியும் ஆக்கலாம். ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால், அதே டெர்மினல் ஜன்னலில் 15 நிமிடம்வரை மறுபடி கேட்காது. அந்த இடைவெளியில் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். டெர்மினலில் கடவுச்சொல் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது. விசைப்பலகை பழுதில்லை, தட்டி முடித்து என்டர் கொடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால், மற்ற ஆசிரியரின் பிரச்சினை பிரின்டர்தான் என்று தெரிகிறது. அதற்காக அவரை அட்மின் ஆக்க வேண்டியதில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. பிரின்டர்களைக் கவனிப்பதற்கென்றே எல்பிஅட்மின் என்று ஒரு தனிக் குழு உபுண்டுவில் இருக்கிறது. நீங்கள் அட்மின் ஆன பிறகு டெர்மினலைத் திறந்து, எஸ்-யூ-டி-ஓ, இடைவெளி, ஏ-டி-டி-யூ-எஸ்-இ-ஆர், இடைவெளி, அந்த ஆசிரியரின் பயனர்பெயர், இடைவெளி, எல்-பி-ஏ-டி-எம்-ஐ-என் என்று தட்டுங்கள். அவர் வெளியேறி மீண்டும் நுழையட்டும். இனிக் கடதாசி சிக்கி பிரின்டர் நின்றுபோனால், பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டு, 631 என்ற எண்ணைச் சேர்த்தால் பிரின்டர் பக்கம் திறக்கும். அதில் பிரின்டர்ஸ் பகுதிக்குப் போய், நின்ற பிரின்டரைத் தெரிவு செய்து, ரிசியூம் கொடுக்கலாம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் தன்னுடையதையே கொடுப்பார். புதிய பிரின்டரைச் சேர்ப்பதும் அதே பக்கத்தில்தான். மென்பொருள் நிறுவவோ அடுத்தவர் கோப்பைத் திறக்கவோ அந்தக் குழுவில் இருப்பவருக்கு முடியாது. மாணவரின் பரீட்சைப் புள்ளிகளும் கட்டணக் கணக்கும் இருக்கிற கணினியில் அதுதான் பாதுகாப்பு.

இனி ஆபத்து. கடவுச்சொல் கேட்காமலே அட்மின் வேலை செய்யும்படி மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் உட்காரும் எவரும் அட்மின்தான். எல்லாக் கோப்புகளுக்கும் 777 (யாரும் படிக்கலாம், மாற்றலாம் என்ற அனுமதி) போட்டால் சரியாகிவிடும் என்பவரையும் கிட்ட எடுக்காதீர்கள். யூடியூபில் கண்ட கட்டளையை அப்படியே ஒட்டுவதும் இதே வகைதான்; என்ன செய்யும் என்று தெரியாத கட்டளைக்கு உங்கள் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நன்கொடைக் கணினிகளைக் கொண்டுவந்து இறக்கி, நாடா வெட்டிப் படம் எடுத்துப் போகிறவர்கள். அட்மின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அதிபரிடம் கொடுக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. ஆறு மாதத்தில் அப்டேட் இல்லாமல் கணினிகள் மூலைக்குப் போகின்றன. கையளிப்புப் பத்திரத்தில் கடவுச்சொல்லுக்கு ஒரு வரி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக, கடைக்காரரின் கணக்கு. ஆத்திரத்தில் முதல் வேலையாக அதை அழித்துவிடாதீர்கள். உங்கள் கணக்கில் நுழைந்து, ஏதாவது ஒரு சிறிய மென்பொருளை நிறுவிப் பாருங்கள். அது நிறுவப்பட்டால் உங்கள் உரிமை உறுதி. அதன் பிறகு அதே யூசர்ஸ் பக்கத்தில் அவருடைய கணக்கின் அட்மினிஸ்ட்ரேட்டர் பொத்தானை நிறுத்தி, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். தூரத்திலிருந்து நுழைவதற்கான மென்பொருள் ஏதும் போட்டிருக்கிறாரா என்றும் பார்த்து, இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் உங்கள் கோப்புகள் எதுவும் மிச்சமில்லை என்று உறுதியானதும் கணக்கையே நீக்கலாம்.