பள்ளியில் சிறுநீர் சோதனை: இரண்டு கோடு விழுந்தால் டி.சி.யா?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே அரசு மேல்நிலைப் பள்ளியில் என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். வயது 15. என் கணவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. போதைப் பழக்கத்தைத் தடுப்பதற்காக என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, வாரந்தோறும் சீட்டுக் குலுக்கிச் சில மாணவர்களின் சிறுநீரைச் சோதிக்கிறார்கள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளையை வகுப்பில் உட்கார விடமாட்டோம் என்றதால் நானும் போட்டேன். போன வாரம் என் மகன் பெயர் வந்தது. கஞ்சாவுக்கான பட்டையில் இரண்டு கோடு விழுந்துவிட்டதாம். “நீங்களாக டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போலீசுக்குச் சொல்வோம்” என்கிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பட்டையின் படமும் போய்விட்டது. எந்தப் பழக்கமும் இல்லை என்று மகன் அழுகிறான். சளிக்கு இருமல் மருந்து கொடுத்திருந்தேன், அதனால் இருக்குமா? போலீஸ் கேஸ் வருமா? அமெரிக்காவிலேயே இப்படிச் சோதிக்கிறார்கள் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, டி.சி. கேட்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே கேட்டு வாங்கியதாக ஆகிவிட்டால், பள்ளி வெளியேற்றியது என்று பிறகு நிரூபிப்பது கடினம். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் ஆண்டு வேறு.

அடுத்து, அந்த இரண்டு கோடு. கடைகளில் கிடைக்கும் போதைப்பொருள் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தால், குறித்த அளவுக்கு மேல் அந்தப் பொருள் இல்லை என்று பொருள். கர்ப்பப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு என்றால் ‘ஆம்’. இதில் நேர்மாறு. காரணம், பட்டை வேலை செய்யும் விதம். சாயம் சேர்த்த எதிர்ப்பொருள் சிறுநீரோடு மேலே ஏறுகிறது. சிறுநீரில் கஞ்சாவின் கழிவுப்பொருள் இருந்தால் எதிர்ப்பொருள் அதோடு ஒட்டிக்கொள்ளும். சோதனைக் கோட்டில் ஒட்ட எதுவும் மிஞ்சாது, கோடு விழாது. இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் அங்கே போய் ஒட்டும், கோடு விழும். மங்கலாக விழுந்தாலும் ‘இல்லை’ என்றே கொள்ள வேண்டும். பட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் விழுந்தால்தான் சந்தேகத்துக்கு இடம். கட்டுப்பாட்டுக் கோடே விழாவிட்டால் அந்தப் பட்டை செல்லாது. எத்தனை நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்பது உறையில் அச்சிட்டிருக்கும். அந்த நேரம் கடந்து பார்த்தது கணக்கில் வராது.

ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அழிக்காதீர்கள். தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செய்தி வந்த அலைபேசியையும் அப்படியே வைத்திருங்கள். படத்தில் இரண்டு கோடு தெளிவாக இருந்தால், உங்கள் மகனுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இருமல் மருந்து கஞ்சாப் பட்டையைப் பாதிப்பது வழக்கமல்ல. கோடீன் கலந்த மருந்தாக இருந்தால் அபின் வகைக்கான பட்டையில் காட்டும். குருமாவில் அரைத்துவிடும் கசகசாவும் அதே பட்டையில் காட்டக்கூடும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎபிட்ரின் ஆம்பெட்டமைன் பட்டையைத் தொந்தரவு செய்யும். இதனால்தான் பட்டை முடிவை எந்த ஆய்வகமும் முடிந்த முடிவாகச் சொல்வதில்லை. முதல் சல்லடை மட்டுமே அது. ‘இருக்கிறது’ என்று வந்தால் அதே மாதிரியை ஜி.சி.-எம்.எஸ். போன்ற கருவியில் உறுதிப்படுத்த வேண்டும். கஞ்சாவுக்குப் பட்டையின் வழக்கமான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். உறுதிச் சோதனையில் 15. அதற்கு மாதிரியை இரண்டு குப்பிகளில் பிரித்து, மாணவர் முன்னிலையில் முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதியிருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் மீதிச் சிறுநீர் கழிவறையில் கொட்டப்பட்டிருந்தால், மறுசோதனைக்கு வழியே இல்லை. அந்தச் சோதனையை வைத்து யாரையும் தண்டிக்கவும் முடியாது.

இன்னொன்றையும் மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். பள்ளி மாணவர்களிடம் புழங்கும் கூல் லிப் (உதட்டில் அடக்கும் புகையிலை), பசை, ஒயிட்னர் கரைசல், வலிமாத்திரைகள் பலவும் சாதாரணப் பட்டையில் தெரியவே தெரியாது. எப்போதோ ஒருமுறை கஞ்சா புகைத்தவனுக்குச் சில நாட்கள் காட்டும். தொடர்ந்து புகைத்து நிறுத்தியவனுக்கு ஒரு மாதம் வரைகூடக் காட்டும். விட்டுவிட முயலும் பிள்ளையைப் பிடித்து, தினமும் பசை மோப்பம் பிடிக்கும் பிள்ளையைத் தப்பவிடும் சோதனை இது.

இனி சட்டம். மாணவரின் சிறுநீரைக் கட்டாயமாக எடுக்கப் பள்ளிக்கு அதிகாரம் தரும் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. என்.டி.பி.எஸ். எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985 சோதனையிடும் அதிகாரத்தைக் காவல்துறை போன்ற குறிப்பிட்ட துறை அதிகாரிகளுக்குத்தான் தருகிறது, ஆசிரியருக்கு அல்ல. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், வழிமுறை அளவு மீறாமல் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி அரசின் அங்கம். மேலாண்மைக் குழுவின் தீர்மானம் சட்டம் ஆகாது.

நீங்கள் கையெழுத்துப் போட்டது பற்றிக் கலங்க வேண்டாம். வகுப்பில் விடமாட்டோம் என்று சொல்லி வாங்கியது சுதந்திரமான சம்மதம் அல்ல. சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், மருத்துவச் சம்மதம் விவரம் தெரிந்து கொடுத்ததாக இருக்க வேண்டும், ஒன்றுக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்கு நீட்டிக்கக் கூடாது என்றது. அந்தத் தாளில் முடிவை வாட்ஸ்அப்பில் போடவும், டி.சி. கொடுக்கவும் நீங்கள் சம்மதித்தீர்களா? இல்லையே. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்றே எழுதிக் கொடுக்கலாம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் காட்டி, வெளியேற்றவே முடியாது என்று சிலர் சொல்வார்கள். அது எட்டாம் வகுப்பு வரை மட்டுமே. உங்கள் மகனுக்கு உதவாது. உங்களுக்கு உதவுவது அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளும் இயற்கை நீதியும்: எழுத்தில் குற்றச்சாட்டு, பதில் சொல்ல வாய்ப்பு, காரணத்தோடு உத்தரவு. இவை மூன்றும் இல்லாத நீக்கம் நிற்காது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-ல் வெர்னோனியா வழக்கில் விளையாட்டு வீரர்களுக்கும், 2002-ல் ஏர்ல்ஸ் வழக்கில் பாடத்துக்கு அப்பாற்பட்ட போட்டிகளில் சேர்பவர்களுக்கும் இந்தச் சோதனையை அனுமதித்தது உண்மை. எல்லா மாணவர்களுக்கும் அல்ல. அந்தத் திட்டங்களில் முடிவு போலீசுக்குப் போகவில்லை. போட்டியில் கலந்துகொள்ள முடியாது என்பதே தண்டனை, படிப்பில் கை வைக்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

போலீஸ் கேஸ்? பள்ளியில் பார்த்த பட்டையை மட்டும் வைத்து என்.டி.பி.எஸ். சட்டத்தின் 27ஆம் பிரிவுக் குற்றத்தை நிரூபிக்க முடியாது. கஞ்சா உட்கொண்டதற்கு அந்தப் பிரிவில் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் சிறையாக வராது. இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் கண்ணில் இது சிறு குற்றம். மத்திய மாதிரி விதிகளின் 8ஆம் விதிப்படி, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இல்லாவிட்டால், எப்.ஐ.ஆர். கிடையாது, பொது நாட்குறிப்பில் பதிந்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். காவல் நிலைய லாக்கப்பில் வைக்கக் கூடாது. விசாரணை தொடங்கினால், பிள்ளையின் பெயரையோ படத்தையோ பரப்புவது 74ஆம் பிரிவில் குற்றம்.

தலைமையாசிரியருக்கு இப்படி எழுதுங்கள்: “சம்மதத்தை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். டி.சி. நான் கேட்கவில்லை. மாணவர்களைச் சோதிக்க அனுமதிக்கும் அரசாணையின் எண், மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல், பட்டையின் பெயர், சோதித்தவரின் தகுதி, பட்டையைப் பார்த்த நேரம் ஆகியவற்றை எழுத்தில் தரவும். வாட்ஸ்அப் பதிவை நீக்கி, அதே குழுவில் திருத்தம் வெளியிடவும். என் மகனை வழக்கம்போல் வகுப்பில் அனுமதிக்கவும்.” இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியுடன் பள்ளி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். நகல் நாகர்கோவில் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவைக் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி பதில் தராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

வாட்ஸ்அப்பில் போட்டவர் மேல் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில், குழந்தைக்குக் கொடுமை என்று, உடனே புகார் கொடுக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்து நாள் பொறுங்கள் என்பதே என் கருத்து. பிள்ளை அதே பள்ளியில்தான் தேர்வு எழுத வேண்டும். படத்தில் இரண்டு கோடு இருந்தால் பள்ளியே இறங்கி வர வாய்ப்பு அதிகம்.

பள்ளியைத் திருப்திப்படுத்த மகனை இன்னொரு சோதனைக்கு அழைத்துப் போகாதீர்கள். ஆனால் தூக்கம், பசி, பணம், நண்பர்கள் இவற்றில் உங்களுக்கே மாற்றம் தெரிந்திருந்தால், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே சொல்வதையும் எடுக்கும் சோதனையையும் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017-ன் 23ஆம் பிரிவு ரகசியமாகக் காக்கிறது. பழக்கம் உண்மையாகவே இருந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறுபவருக்கு என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, குழந்தை உதவிக்கு 1098.

மேலாண்மைக் குழுவுக்கு வேலை வேண்டுமானால் பள்ளி வாசலிலேயே இருக்கிறது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். குழந்தைக்குப் புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். தீர்மானத்தை அந்தப் பெட்டிக்கடைகள் மேல் போடட்டும்.

இதற்குப் பிறகும் வகுப்பில் விடாவிட்டால், அரசமைப்பின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. முத்திரையிட்ட மனு நகல், தபால் ரசீது, ஸ்கிரீன்ஷாட், மகனின் வயதுச் சான்று, மருந்துச் சீட்டு ஆகியவற்றோடு போங்கள்.