பிடி-1 மருந்துக்கு எலியின் கட்டி அசையவில்லை என்ற கேள்விக்கு

வணக்கம். பெங்களூரில் முதலாண்டு ஆய்வு, பிஒய்எம்டி எலிகளுக்கு (மார்பகப் புற்றுநோய் தானாக வரும்படி மரபணு மாற்றிய எலிகள்) பிடி-1 மருந்து, அதாவது நோய் எதிர்ப்பு டி செல்களின் பிடி-1 என்ற பிரேக்கைத் தடுக்கும் மருந்து, ஆறு ஊசி போட்டும் கட்டி குறையவில்லை, மருந்தே கெட்டுப்போயிருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். நானும் இதே ஊரில் எலிக்கூண்டுகளோடுதான் இருக்கிறேன், உங்கள் தவிப்பு புரிகிறது.

முதலில் குப்பியைப் பாருங்கள். மனிதருக்கான பிடி-1 மருந்தான பெம்ப்ரோலிசுமாப் எலியின் பிடி-1-ஐப் பிடிக்காது. ஆர்எம்பி1-14 போன்ற எலிக்கான ஆன்டிபாடிதான் வேண்டும். அது சரி என்றால், உங்கள் கை மேல் தவறில்லை. 1992-இல் வந்த இந்த எலியில் புற்றுநோயைக் கிளப்புவது ஒரே வலுவான வைரஸ் மரபணு. கட்டியில் மரபணு மாற்றங்கள் குறைவு, அதனால் டி செல்கள் அடையாளம் காணப் பெரிதாக எதுவும் இருக்காது. மார்பகப் புற்றுநோயாளிகள் பலருக்கும் இதே நிலைதான். மும்மை எதிர்மறை வகையிலேயே (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமிகுதியும் இல்லாத வகை) பெம்ப்ரோலிசுமாபைக் கீமோவோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஆகவே கீமோ சேர்த்த ஒரு குழுவை வையுங்கள். அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை இப்போதே கேளுங்கள், தாமதமாகும்.

அப்புறம், ஒரு எலிக்குப் பத்து பால் சுரப்பிகள், எதில் வேண்டுமானாலும் கட்டி வரலாம். ஒரு கட்டியை மட்டும் அளக்காமல் எல்லாவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்தை வைத்துக் குழு பிரியுங்கள்.

கட்டியைச் சாதாரண எலிக்கு மாற்றி வைக்கும் யோசனை இருந்தால் அதில் மட்டும் கவனம். அந்த வைரஸ் புரதம் அதன் உடலுக்கு அந்நியம். மருந்தே இல்லாமல் எதிர்ப்பு கிளம்பி உங்களை ஏமாற்றிவிடும்.

கட்டுப்பாட்டுக் குழுவுக்கு என்ன ஊசி போட்டீர்கள்? அதையும் எழுதுங்கள், பார்க்கலாம்.